யுத்தம் முடிந்த பிறகு

பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூட விழாவில் பேசுவதற்காகப் போயிருந்தேன். மறுநாள் காலையில் ஊருக்கு வடக்கே சுமார் 17 கிலோமீட்டரில், சென்னை நெடுஞ்சாலையை ஒட்டினாற்போல் நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்க்கக் கிளம்பினேன். துணைக்கு அந்தப் பள்ளிக்கூடத்து மாணவன் ஒருவன் வந்தான். நாவல் படிக்கிற பையன். அகழியைத் தாண்டி, அரை வட்டமாகப் புடைத்து நிற்கும் கொத்தளங்களைப் பார்த்துக்கொண்டே மேலே ஏறினபோது, "இதை எந்தச் சோழ ராஜா சார் கட்டினது?" என்று கேட்டான்.

"சோழ ராஜா இல்லை, தம்பி. ஆர்க்காட்டு நவாபுக்குக் கீழே இருந்த ஒரு ஜாகீர்தார் கட்டினதாகச் சொல்வார்கள்" என்றேன்.

பையனுடைய முகம் வாடிவிட்டது. கல்லின் மதிப்பே குறைந்துபோனது போல அவன் கொத்தளத்தைத் திரும்பிப் பார்த்தான். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அந்தப் பையனுக்குச் சரித்திரம் என்றால் சோழர்தான் என்று கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன் அல்லவா? கங்கைகொண்ட சோழபுரத்தை வைத்து ஒரு தொடர்கதை எழுதுவதற்காக இந்தப் பக்கம் மூன்று முறை வந்திருக்கிறேன். மூன்று முறையும் பஸ் உடையார்பாளையத்தில் நின்றது. மூன்று முறையும் நான் இறங்கவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ராஜேந்திரனைப் பார்க்கப் போகிற அவசரத்தில், இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அதே வழியாக நடந்துபோன மனிதர்களை நான் பொருட்படுத்தவில்லை.

கோட்டையின் மேல் தளத்தில் உட்கார்ந்து பையனுக்கு ஒரு யுத்தத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லிக்கொண்டே வருகையில் எனக்கே ஒரு விஷயம் புலப்பட்டது. அந்த யுத்தத்தைப் பற்றி நான் படித்த நல்ல நூல்கள் எல்லாம், எங்கே இந்தப் பிரதேசத்தின் கதை தொடங்குகிறதோ, சரியாக அந்த இடத்தில் முடிந்துவிடுகின்றன. அதைப் பற்றித்தான் இங்கே எழுத உத்தேசம்.

ஏழாண்டுப் போர் என்று ஐரோப்பிய சரித்திரக்காரர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 1756-லிருந்து 1763 வரை நடந்தது. ஜெர்மனியில் நடந்தது, கனடாவில் நடந்தது, மேற்கிந்தியத் தீவுகளில் நடந்தது, வங்காளத்தில் நடந்தது, நமது சோழமண்டலக் கரையிலும் நடந்தது. முதல் உலக யுத்தம் என்று சர்ச்சில் அதைக் குறிப்பிட்டார். ஆனால் நமக்கு அந்த வருஷக் கணக்கு பொருந்தாது. ஐரோப்பாவில் யுத்தம் தொடங்குவதற்கு ஏழு வருஷம் முன்பே, ஆர்க்காட்டு நவாபு பட்டத்துக்காகச் சந்தா சாகிப் ஒரு பக்கமும் முகம்மது அலி ஒரு பக்கமும் நின்று, பிரெஞ்சுக்காரரும் இங்கிலீஷ்காரரும் ஆளுக்கு ஒருவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இங்கே சண்டை மூண்டுவிட்டது. புதுச்சேரியிலிருந்தும் ஆர்க்காட்டிலிருந்தும் திருச்சிக்குப் போகிற படைகளுக்கு ரஞ்சன்குடியும் பக்கத்து வாலிகண்டபுரமும்தான் வழி.

1751-ல் இந்தக் கோட்டைத் தலைவர் என்ன செய்தார் தெரியுமோ? இங்கிலீஷ் படை ஒரு பக்கம், சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒரு பக்கம். இருவரும் கோட்டையைக் கேட்டார்கள். இருவருக்கும் மரியாதையாகப் பதில் அனுப்பிக்கொண்டே, ஒருவருக்கும் கோட்டையைக் கொடுக்காமல் நாளைக் கடத்தினார். கடைசியில் பொறுமை இழந்து கோட்டைமேல் பாய்ந்தது இங்கிலீஷ் தளபதி கிஞ்சன்ஸின் படை. அதன் பிறகு நடந்த சண்டையில் அந்தப் படை பீதி பிடித்துச் சிதறிற்று. ஓடினவர்களை நிறுத்தப் பார்த்து முடியாமல் தானும் பின்வாங்கினவர்களில் ராபர்ட் கிளைவும் இருந்தான். அடுத்த வருஷமே இதே இடத்தில் பிரெஞ்சுத் தளபதி தொத்தேய் அதே கிளைவிடம் சரணடைந்தான். ஒரே மண்ணில், ஒரு வருஷ இடைவெளியில், இருவருக்கும் அவமானம். இவ்வளவு நடந்த இடத்தில் இன்று ஆட்டுக் கிடையும் அமைதியும் இருந்தன.

நூல்களுக்கு வருகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரி வரை அவர் எழுதினார். 1846-ல் கலுவா மொம்பிரோன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் அது பட்டது. 1904-லிருந்து 1928 வரை சென்னை அரசாங்கம் பன்னிரண்டு பாகங்களாக இங்கிலீஷில் வெளியிட்டது. தமிழில் எழுதியதைத் தமிழன் தமிழில் படிக்க அதற்குப் பிறகும் வெகுகாலம் காத்திருக்க வேண்டியிருந்தது. இதெல்லாம் நமக்கு வழக்கமான சமாசாரம்.

நாட்குறிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் துய்ப்ளேக்ஸ் காலத்துப் பாகங்களைத்தான் சிலாகிப்பார்கள். பிள்ளை அப்போது புதுச்சேரியில் பெரிய துபாஷி. கவர்னர் வீட்டு வாசலில் நுழைகிறவன் எவனும் அவரைத் தாண்டித்தான் நுழைய வேண்டும். எத்தனை பீரங்கிக் குண்டு மரியாதையாகப் போட்டார்கள், யாருக்கு எத்தனை கஜம் சகலாத்து கொடுத்தார்கள், யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறார். சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவற்றில் நமக்குக் கிடைப்பது ஒரு சாமர்த்தியசாலியின் வெற்றிக் கணக்கு என்றே சொல்லுவேன்.

கடைசிப் பாகங்கள் வேறு. துய்ப்ளேக்ஸ் 1754-ல் கப்பலேறிப் போய்விட்டான். 1756-ல் பிள்ளைக்குத் துபாஷி உத்தியோகமும் போயிற்று. உடம்பும் சரியில்லை. 1758 ஏப்ரலில் லாலி வந்து இறங்குகிறான், ஜூனில் கூடலூர்க் கோட்டையைப் பிடிக்கிறான், கையில் காசில்லாமல் தஞ்சாவூர் ராஜாவிடம் 56 லட்ச ரூபாய்ப் பழைய பத்திரம் ஒன்றை நீட்டிக்கொண்டு கொள்ளிடத்துக்குத் தெற்கே படையெடுக்கிறான், வெறுங்கையுடன் திரும்புகிறான். டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டு, மறு வருஷம் பிப்ரவரியில் விட்டு விலகுகிறான். 1760 ஜனவரி 22-ல் வந்தவாசியில் அயர் கூட்டிடம் தோற்கிறான். ஒவ்வொன்றாகக் கோட்டைகள் போகின்றன. புதுச்சேரியைச் சுற்றி வளைத்துக்கொள்கிறார்கள். பிள்ளை இவற்றையெல்லாம் முன்போல் கவர்னர் மாளிகையிலிருந்து பார்க்கவில்லை. தம் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்க்கிறார். அவரிடம் வந்து சேரும் சேதியில் பாதி வதந்தி. கேட்கிறவர்களுக்குப் பணம், கேட்டவருக்குக் கடன், ஊருக்குள் பயம். பீரங்கி மரியாதையை எண்ணின அதே கை இப்போதும் எண்ணுகிறது. எண்ணுவதற்குத்தான் பெருமையாக ஒன்றும் மிஞ்சவில்லை. பதவியில் இருந்தபோது அவர் எழுதியது சேதி. பதவி போன பிறகு எழுதியது இலக்கியம் என்பது என் அபிப்பிராயம். அவர் மாறினதாகத் தெரியவில்லை. உலகம் அவரைவிட்டு நகர்ந்துகொண்டது. அந்த இடைவெளியில் ஒரு மனிதனின் முகம் தெரிகிறது.

1761 ஜனவரி 12-ல் அவர் இறந்தார். நாலு நாள் கழித்து, 16-ஆம் தேதி, புதுச்சேரி சரணடைந்தது. ஒரு நாவலில் நான் இப்படி எழுதினால், "செயற்கை" என்று விமரிசகர்கள் ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். சரித்திரத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

இவ்வளவு புகழ்ந்த பிறகு ஒரு குறையும் சொல்ல வேண்டும். பிள்ளையவர்களுக்குப் புதுச்சேரி மதிலுக்கு வெளியே உள்ள தேசம் பெரும்பாலும் குத்தகையும் பாக்கியும்தான். பாளையக்காரர்கள் அவருடைய பக்கங்களில் கடிதமாக வருகிறார்கள், வெகுமதியாக வருகிறார்கள், தரவேண்டிய பணமாக வருகிறார்கள். மனிதர்களாக வருவது அபூர்வம். வியாபாரியின் கண் அது. குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அரியலூர்க்காரன் அந்தக் கண்ணை நம்பிக்கொண்டு தன் ஊரைத் தேட முடியாது.

இரண்டாவது ஆள் ராபர்ட் ஓர்ம். நமது நாட்டிலேயே, அஞ்சுதெங்கில் பிறந்த இங்கிலீஷ்காரர். சென்னைக் கவுன்சிலில் இருந்தவர். இங்கே இங்கிலீஷ்காரர் நடத்திய யுத்தங்களின் சரித்திரத்தை இரண்டு பாகமாக எழுதினார்; முதல் பாகம் 1763-லும் இரண்டாவது 1778-லும் வெளிவந்தன. அவர் எழுத்தில் எத்தனை சிப்பாய், எத்தனை குதிரை, எந்த நாழிகையில் எந்த ஆற்றைத் தாண்டினார்கள் என்பதில் ஒரு பிசகு காண்பது கஷ்டம். மெக்காலேக்கே இந்த நுணுக்கம் அலுப்புத் தட்டிவிட்டது. எனக்கு அலுக்கவில்லை. வாலிகண்டபுரத்தை அவர் 'வோல்கொண்டா' ஆக்கியிருப்பதைப் பொறுத்துக்கொண்டு படித்தால், பாறையும் பேட்டையும் கோட்டையும் கண்முன் நிற்கின்றன. கோட்டைத் தலைவரின் தயக்கத்தை அவர் எழுதியிருக்கும் இடம் ஒரு நல்ல நாவலாசிரியனுக்கு உரியது.

ஆனால் அவருக்கும் ஒரு கண்தான். படை போகிற பாதையில் எது குறுக்கிடுகிறதோ அதுதான் அவருக்கு ஊர். படை போய்விட்டால் ஊரும் மறைந்துவிடும். 1761-ல் புதுச்சேரியும் செஞ்சியும் விழுந்ததும், பிரெஞ்சுக்காரருக்கு இந்தக் கரையில் ஒரு கோட்டையும் இல்லை என்றானதும், ஓர்ம் கரை சேர்ந்தவர் போலப் பேனாவை வைத்துவிடுகிறார்.

வால்டேரைப் பற்றியும் இரண்டு வார்த்தை. தோற்ற லாலியை, இங்கிலீஷ்காரர் கைதியாகக் கொண்டுபோனார்கள். அவன் தன் பேரைக் காப்பாற்றிக்கொள்வதற்காகத் தானாகவே பிரான்ஸுக்குத் திரும்பினான். 1766 மே 9-ல், பேச முடியாதபடி வாயில் துணியடைத்துக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். அந்த அநியாயத்தைக் கண்டித்து வால்டேர் 1773-ல் இந்தியாவைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 1778-ல் தீர்ப்பு ரத்தான சேதி, சாகக் கிடந்த அவர் காதில் விழுந்தது. பெரிய மனசுதான். ஆனால் அந்த நூலில் சோழமண்டலம் ஒரு பிரெஞ்சுக்காரனுக்கு நேர்ந்த அநீதியின் பின்திரை, அவ்வளவுதான். கீவளூர்க் கோயிலில் வேவு பார்த்ததாகச் சந்தேகித்து அர்ச்சகர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்ட லாலியும் இதே லாலிதான். அவர்களுக்காக எழுத ஒரு வால்டேர் இல்லை.

ஆக, பிள்ளை 1761 ஜனவரியில் போய்விடுகிறார். ஓர்ம் 1761 வசந்தத்தில் நிறுத்திவிடுகிறார். யுத்தம் 1763-ல்தான் முடிந்தது. முடித்துவைத்த காகிதம் ஒன்று உண்டு. அதையும் ஒரு நூலாக வைத்துப் படித்துப் பார்த்தேன். சொல்லுகிறேன், கேளுங்கள்.

1763 பிப்ரவரி 10-ல் பாரிஸில் இங்கிலாந்தும் பிரான்ஸும் ஸ்பெயினும் கையெழுத்திட்ட உடன்படிக்கை அது. அதில் பதினோராவது ஷரத்து நம்மைப் பற்றியது. 1749 தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரரிடம் இருந்த பண்டகசாலை ஊர்கள் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பிறகு பிடித்ததையெல்லாம் விட்டுவிட வேண்டும். வங்காளத்தில் கோட்டை கட்டக்கூடாது, படை வைக்கக்கூடாது. பிறகு வருகிறது முக்கியமான விஷயம். இந்தக் கரையில் இனிமேல் சமாதானம் நிலவும்பொருட்டு, முகம்மது அலிகானைக் கர்நாடகத்தின் நியாயமான நவாபு என்றும், சலாபத் ஜங்கைத் தக்காணத்தின் நியாயமான சுபேதார் என்றும் இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த ஷரத்தை எழுதினவனை ஹாஸ்ய எழுத்தாளன் என்று சொல்லத் தோன்றுகிறது. பாவம், அவனுக்கு அது தெரியாது. கையெழுத்தாகிறபோது சலாபத் ஜங் எங்கே இருந்தான்? தம்பி நிஜாம் அலி 1762 ஜூலையிலேயே அவனைத் தள்ளிவிட்டு, பீதர் கோட்டையில் சிறை வைத்திருந்தான். ஐரோப்பாவின் பெரிய ராஜ்யங்கள் எல்லாம் கூடி, சிறையில் கிடந்த ஒருவனைச் சிங்காதனத்தில் உட்காரவைத்தன. 1763 செப்டம்பரில் அவன் கொல்லப்பட்டான். பாரிஸில் அவனுக்குச் செய்த மரியாதையின் சேதி இங்கே எட்டினதே அவன் உயிருக்கு உலையாயிற்று என்று சொல்வார்கள். இதற்கு ஜோடியாக இன்னொன்றும் உண்டு. 1762-ல் சென்னையிலிருந்து சிப்பாய்களையும் ஏற்றிக்கொண்டு போன இங்கிலீஷ் கப்பல்கள் ஸ்பெயின்காரரின் மணிலாவைப் பிடித்தன. அந்தச் சேதி லண்டனை எட்டுவதற்குள் இங்கே சொன்ன கையெழுத்து ஆகிவிட்டது. பிடித்தது தெரியாமலே திருப்பிக் கொடுக்கச் சம்மதித்திருந்தார்கள். நமது பக்கத்துச் சிப்பாய்கள் கடல் கடந்து போய் எதற்குச் செத்தார்கள் என்பதை யாரிடம் போய்க் கேட்பது?

சலாபத் ஜங் விஷயம் சிரிப்பாக முடிந்தது. முகம்மது அலி விஷயம் அப்படி முடியவில்லை. அவன் உயிரோடு இருந்தான். சென்னையில், கும்பெனியாரின் நிழலில் இருந்தான். யுத்தச் செலவையெல்லாம் கும்பெனியார் அவன் கணக்கில்தான் எழுதியிருந்தார்கள். கும்பெனி உத்தியோகஸ்தர்களிடம் தனியாக வேறு வட்டிக்குக் கடன். அந்தக் கடனைப் பற்றி 1785-ல் பார்லிமெண்டில் எட்மண்ட் பர்க் பேசிய பேச்சு பிரசித்தம். ஆக, நியாயமான நவாபு என்று உலகமே ஒப்புக்கொண்ட மனிதன், கழுத்துமட்டும் கடனில் நின்றான். கடன்காரனுக்குப் பட்டம் கிடைத்தால் என்ன செய்வான்? தன்னிடம் பாக்கி வைத்திருக்கிறவன் யார் என்று பட்டியலைப் புரட்டுவான்.

அந்தப் பட்டியலில் அரியலூரும் உடையார்பாளையமும் இருந்தன.

இரண்டும் காட்டுப் பாளையங்கள். உடையார்பாளையத்துக் காடு சாதாரணக் காடல்ல. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் மொகலாயப் படைக்குப் பயந்து காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாளைக் கொண்டுவந்து ஒளித்துவைத்த காடு. 1710-ல்தான் பெருமாள் ஊர் திரும்பினார். தெய்வத்துக்கே அடைக்கலம் கொடுத்த பாளையம் என்று அந்த வம்சத்தாருக்குப் பெருமை இருந்ததில் ஆச்சரியமில்லை. பேருக்குத் திருச்சிக்கும் ஆர்க்காட்டுக்கும் கட்டுப்பட்டவர்கள். கப்பம் கேட்டால் கொஞ்சம் கொடுப்பார்கள், கொஞ்சம் சொல்லிவைப்பார்கள். ஆர்க்காட்டில் இரண்டு நவாபுகள் சண்டை போட்டுக்கொண்டிருந்த வரையில் இது நடந்தது. ரஞ்சன்குடித் தலைவர் செய்த அதே தந்திரம்தான். இரண்டு யானைகள் மோதும்போது நடுவில் நிற்கிற முயலுக்கு ஒரு பிழைப்பு உண்டு: இரண்டுக்கும் பதில் சொல்லிக்கொண்டே இருப்பது.

பாரிஸ் உடன்படிக்கை ஒரு யானையை அகற்றிவிட்டது.

மதுரையில் யூசுப் கான் பிரெஞ்சுக் கொடியை ஏற்றி நவாபையும் கும்பெனியையும் எதிர்த்தான். சமாதானம் ஆகிவிட்ட உலகத்தில் அந்தக் கொடிக்குப் பின்னால் கப்பல் வரவில்லை. 1764 அக்டோபர் 15-ல் அவனைத் தூக்கிலிட்டார்கள். மறு மாதமே, நவம்பரில், நவாபு சென்னைக் கவுன்சிலில் முறையிட்டான்: அரியலூரும் உடையார்பாளையமும் கப்ப பாக்கி வைத்திருக்கின்றன, யூசுப் கானை அடக்குவதற்கு உதவியும் செய்யவில்லை. 1765 ஜனவரி 3-ல் படை உதவி கிடைத்தது. நவாபின் மகன் உம்தத்-உல்-உமராவும் காம்பெல் என்ற இங்கிலீஷ் தளபதியும் புறப்பட்டார்கள். அரியலூர் விழுந்தது. அங்கே பாளையக்காரர் இளம் வயசுப் பிள்ளை. தம் ஆட்களோடு உடையார்பாளையத்துக்கு ஓடினார். ஜனவரி 19-ல் படை அங்கேயும் திரும்பிற்று. உடையார்பாளையத்துப் படை தோற்றது. பாளையக்காரர் இருவரும் ஊரைவிட்டுக் கிளம்பித் தரங்கம்பாடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அது டேனிஷ்காரர் ஊர். ஏழாண்டுப் போரில் யார் பக்கமும் சேராத கொடி அங்கே பறந்தது. ஆர்க்காட்டிலிருந்து திருச்சி வரைக்கும் நவாபின் நிலம் இப்போது ஒரே துண்டாயிற்று.

இதைத்தான் சமாதானம் என்று சொல்கிறார்கள். யுத்த காலத்தில் ரஞ்சன்குடியில் வந்த படைகள் வந்த வழியே போய்விட்டன. சமாதான காலத்தில் அரியலூருக்கு வந்த படை போவதற்காக வரவில்லை.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். இந்த ஜனவரி மாதத்தை எழுதினவர் யார்?

ஜெர்மனியில் லெஸ்ஸிங் என்று ஒரு நாடகாசிரியர் இருந்தார். இதே யுத்தம் முடிந்து நாலு வருஷத்துக்குள், 1767-ல், 'மின்னா ஃபான் பார்ன்ஹெல்ம்' என்ற நாடகத்தைப் பிரசுரித்தார். அதில் ஒரு பீரங்கிச் சத்தம் கிடையாது. யுத்தம் முடிந்து வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு மேஜர், விடுதி வாடகை கொடுக்க வழியில்லாமல், நிச்சயதார்த்த மோதிரத்தை அடகு வைக்கிறான். எதிரி நாட்டு ஜனங்கள்மேல் இரக்கப்பட்டு அவர்கள் கட்டவேண்டிய தண்டத் தொகையைத் தன் கையிலிருந்து கொடுத்தவன். அந்தப் பணத்தையே அவன் லஞ்சமாக வாங்கினதாகச் சந்தேகிக்கிறார்கள். அவனைத் தேடிக்கொண்டு அந்த எதிரி நாட்டுப் பெண் வருகிறாள். கதை அவ்வளவுதான். நாடகம் முழுக்கப் பணம், பாக்கி, மானம், மோதிரம். சமாதானம் என்றால் என்ன என்பதை அந்த விடுதி அறையில் நான் புரிந்துகொண்ட அளவுக்கு எந்தச் சரித்திரப் பேராசிரியரிடமும் புரிந்துகொண்டதில்லை. பிரஷ்யாவின் யுத்தத்தில் ஃபிரடெரிக் மகாராஜா பெரியவர்தான். லெஸ்ஸிங் அவரைத் திரைக்குப் பின்னாலேயே நிறுத்திவிட்டார். அது ஒரு தைரியம்.

நம்மில் பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்ற இரண்டு நாவல்களில் ரங்கப் பிள்ளையின் உலகத்தை உயிர்ப்பித்தார். இரண்டாவது நாவலுக்கு 1995-ல் சாகித்திய அகாதெமி பரிசும் கிடைத்தது. கிரீடம் வைத்த கதாநாயகர்களைத் தள்ளிவிட்டுத் துபாஷிகளையும் தாசிகளையும் எளிய ஜனங்களையும் சரித்திர நாவலுக்குள் அவர் அழைத்துவந்தது சின்னக் காரியமல்ல. நம் எல்லோருக்கும் அவர் ஒரு கதவைத் திறந்துவிட்டார். என்றாலும் அவற்றிலும் நடுநாயகம் துய்ப்ளேக்ஸின் காலம்தான். மேலே ஏறுகிற காலம். இறங்குகிற காலத்தையும், இறங்கின பிறகு கணக்குப் பார்க்கிற காலத்தையும் எழுத இடம் காலியாகவே இருக்கிறது.

ஏன் காலியாக இருக்கிறது என்பதற்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. அது எனக்கே விரோதமான பதில். பல வருஷங்களுக்கு முன் ரஞ்சன்குடியை வைத்து ஒரு தொடர்கதை எழுத உட்கார்ந்தேன். கேட்ட பத்திரிகையின் ஆசிரியர், "கிளைவ் வருகிறானா? கோட்டைத் தலைவனுக்கு ஒரு பெண் இருக்கிறாளா?" என்று மட்டும் விசாரித்தார். இரண்டுக்கும் ஆமாம் என்றேன். எட்டு அத்தியாயம் ஓடிற்று. கோட்டைத் தலைவனை நான் மகா வீரனாக்கியிருந்தேன். மதில்மேல் நின்று வசனம் பேசினான். அவனுடைய உண்மையான சாமர்த்தியம் வசனம் பேசாமல் இருந்ததில் அல்லவா இருந்தது? நாளைக் கடத்தின மனிதனை வாளைச் சுழற்றவைத்ததும் கதை செத்துவிட்டது. மேலே எழுத முடியவில்லை என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். ஆசிரியர் கோபித்துக்கொண்டார். பையனின் முகம் வாடினபோது எனக்கு அந்த எட்டு அத்தியாயம்தான் ஞாபகம் வந்தது.

நமது ஜனங்களின் கதைப்பாடல் மரபு தூக்கில் தொங்கினவனை மறப்பதில்லை. யூசுப் கானுக்கு 'கான்சாகிபு சண்டை' இருக்கிறது. கட்டபொம்மனுக்குப் பாட்டு, கூத்து, நாடகம், 1959-ல் சினிமா எல்லாம் உண்டு. நியாயம்தான். ஆனால் ஓடிப்போய்ப் பிழைத்தவனை என்ன செய்வது? அரியலூர்ப் பிள்ளை சாகவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு போனான். நாவலாசிரியர்களாகிய நாங்களும் கதைப்பாடலின் தராசையே கையில் வைத்துக்கொண்டு, கழுத்தில் கயிறு விழாதவனை எடை குறைந்தவன் என்று தள்ளிவிட்டோம். நாவல் என்ற உருவமே எடை குறைந்தவனுக்காக உண்டானது என்பதை மறந்துபோனோம்.

உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தை எடுத்துப் பாருங்கள். அரியலூர் அவருக்குச் சடகோபையங்காரிடம் தமிழ் கேட்ட ஊர். உடையார்பாளையம் கனம் கிருஷ்ணையர் பாடின சமஸ்தானம். ஓடிப்போன பாளையங்கள் கும்பெனி காலத்தில் ஜமீன்களாகி, சங்கீதமும் தமிழும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. ஐயருடைய பக்கங்களில் அந்த ஊர்கள் அவ்வளவு இனிமையாக இருக்கின்றன. நூறு வருஷத்துக்குமுன் அங்கே நடந்த ஓட்டத்தின் நிழல்கூட அதில் விழவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை. வாளை உறையில் போட்டவர்கள் வீணையைக் கேட்கிறார்கள் என்பதில் ஒரு நாவல் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

எழுதுகிறவர் யாராவது வந்தால், அவருக்கு நான் சேர்த்துவைத்திருக்கிற சில்லறையைக் கொடுத்துவிடுகிறேன். படை உதவி கிடைத்தது மார்கழியில். உடையார்பாளையம் விழுந்தது தை பிறந்து சில நாட்களில். பொங்கல் பானை கழுவிக் கவிழ்த்த ஈரம் காய்ந்திருக்காது. தரங்கம்பாடி போகக் கொள்ளிடத்தைத் தாண்ட வேண்டும். இப்போது இருக்கிற அணைக்கரை அப்போது இல்லை; அது 1836-ல் வந்தது. அதைக் கட்டக் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலின் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள் என்பது வேறு கதை. தை மாசத்து ஆற்றில் ஓடம்தான் கதி. நானாக இருந்தால் பாளையக்காரரைக் கதாநாயகனாக்க மாட்டேன். பின்தங்கிவிட்ட ஒரு கணக்குப்பிள்ளையை எடுத்துக்கொள்வேன். நேற்று வரை பாளையத்தின் சுவடியில் எழுதின அதே ஏரிப் பாசனத்தையும் அதே வரகு நிலத்தையும், இன்றைக்கு நவாபின் ஆமில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு திருப்பி எழுத வேண்டும். எந்த நிலத்தைச் சொல்வான், எதை மறைப்பான்? பாரிஸ் என்று ஓர் ஊர் இருப்பதே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பையனைப் பெரம்பலூரில் விட்டுவிட்டு, அன்று சாயங்காலமே அரியலூர் வழியாகப் பஸ் பிடித்தேன். இந்த முறை உடையார்பாளையத்தில் இறங்கினேன். அரண்மனை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பஸ் நிறுத்தத்து டீக்கடையில் உட்கார்ந்து, வயசான கடைக்காரரிடம், "ஐயா, இங்கிருந்து தரங்கம்பாடிக்கு எப்படிப் போகிறது?" என்று கேட்டேன்.

"இந்நேரத்துக்கா?" என்றார் அவர். "ஜயங்கொண்டம் போயி, அணைக்கரை தாண்டி, மாயவரத்திலே மாறணும். ராத்திரி ஆயிடுமே." பிறகு என் காலடியில் எட்டிப் பார்த்து, "சாமான் நெறைய இருக்குதுங்களா?" என்று கேட்டார்.